மூன்று நிமிடம்

கெல்டர் கவுண்டி மன்றக் கூடத்தில்
இருபத்திரண்டு வருடமாக
விளக்குப் போடுகிறவள் நான்.
பச்சை என்றால் பேசலாம்.
மஞ்சள், முப்பது நொடி மிச்சம்.
சிவப்பு விழுந்ததும்
வாக்கியம் எங்கே நிற்கிறதோ
அங்கேயே கிடக்கட்டும்.
நெப்ராஸ்காவில் மழைக்குக்கூட
இவ்வளவு கறாராக யாரும் கணக்கு வைப்பதில்லை.

அச்சடித்த தாளோடு வருவார்கள்.
மார்லிஸ் ஹவோர்கா மட்டும்
உள்ளங்கையில் பேனாவால் எழுதி வருவாள்.
நூலகத்தில் இருக்கக் கூடாத புத்தகங்கள்,
வியர்வையில் பாதி கரைந்த பட்டியல்.
அதில் ஒன்றையும் அவள் படித்ததில்லை.
நான் ஒன்றைப் படித்திருக்கிறேன்.
சுமார்தான்.
தடை செய்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லையே மார்லிஸ் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
எழுத்தர் பேசக் கூடாது.
எழுத்தர் எழுதுவாள்:
'நூலகம் குறித்துத் திருமதி ஹவோர்கா கருத்துத் தெரிவித்தார்.'
ஊர் இரண்டாய்ப் பிளந்த இரவுக்கும்
என் குறிப்பேட்டில் ஒரு வரிதான்.

எனக்கும் கருத்து உண்டு.
கேட்பாரில்லை, அதனால் இங்கே.

சொத்துவரி கட்டும்போது எனக்கும் வயிறு எரிகிறது.
என் கணவருக்கு மூச்சு முட்டிய இரவில்
ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் கழித்து வந்தபோது
அதைவிட எரிந்தது.

இறைச்சி ஆலையில் பன்றி வெட்டுகிற
ஓசியேல் பாரஸிடம்
காகிதம் எங்கே என்று கேட்கிறவர்கள்
காலைத் தட்டில் கிடக்கும் பன்றித் துண்டிடம்
எதுவும் கேட்பதில்லை.

கருப்பையைப் பற்றி ஏழு ஆண்கள்
தீர்மானம் போட்டார்கள் ஒருநாள்.
சொல்லுக்குச் சொல் குறித்தேன்.
பேனா முனை தாளைக் கிழித்தது,
அது மட்டும் பதிவில் இல்லை.

என் பக்கத்து ஆட்களும் லேசுப்பட்டவர்களில்லை.
ஒமாஹாவிலிருந்து ஒரு பையன் வந்தான்.
அவன் சொன்னதெல்லாம் எனக்குச் சம்மதம்.
'உங்களைப் போன்ற மக்கள்' என்று
நான்கு முறை சொன்னான், எண்ணினேன்.
சிவப்பை ஒரு நொடி முன்னால் போட்டேனா?
இல்லை.
போட ஆசைப்பட்டேன்.

நவம்பர் கூட்டத்தில்
வீட்டுத் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று
ஒரு விதி விவாதத்துக்கு வந்தது.
அது நிறைவேற வேண்டும் என்று
வாயை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன்.
டெல்பர்ட் குயிட்கோ எழுந்தார்.
எந்தத் துப்பாக்கி விதி வந்தாலும் எழுகிறவர்,
மைக் தேவைப்படாத குரல்.

'என் வீட்டில் எதைப் பூட்டுவது என்று சொல்ல
நீங்கள் யார்' என்றார்.
பச்சை எரிந்துகொண்டிருந்தது.
'என் பையன்' என்றார்.
பிறகு ஒன்றுமில்லை.

மார்ச் மாதத்தில் அவர் கொட்டகையில் நடந்தது
அறையில் எல்லோருக்கும் தெரியும்.
தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார்.
மஞ்சள்.
யாரோ நாற்காலியை நகர்த்தி, பாதியில் நிறுத்தினார்கள்.
பொத்தான்மேல் இருந்த விரலை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம்.
ஐந்து.
தலைவர் என்னைப் பார்த்தார்.
நான் பென்சில் சீவினேன்.
ஆறு நிமிடம் பத்து நொடி ஆனதும்
'இப்போதும் எதிர்க்கிறேன்' என்று சொல்லி
உட்கார்ந்தார்.

நான்குக்கு மூன்றில் விதி தோற்றது.
அவர் ஜெயித்தார் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு எழுதினேன்:
'திரு. குயிட்கோ எதிர்ப்புத் தெரிவித்தார். நேரம்: மூன்று நிமிடம்.'
இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய ஒரே பொய்.

டிசம்பரில் வழக்கம்போல்
போன கூட்டத்தின் குறிப்புகளை வாசித்தேன்.
திருத்தம் ஏதும் உண்டா என்றார் தலைவர்.
எதிலும் ஒத்துப்போகாத ஏழு பேரும்
கை தூக்கினார்கள்.
ஏகமனதாக ஏற்கப்பட்டது.