உலகனேரியில் ஒரு பக்கம் மாறிப்போனது

பகலில் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு,
இரவில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு.
எந்தத் திசைக்கும் பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.

பகல் வேலை பிடாரிசமுத்திரம் கண்மாய்.
கொன்னையம்பட்டிக்கும் மேலச்சுரக்குடிக்கும்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலில்
எட்டணா முத்திரைத்தாளில் எழுதிய கரார்.
பகல் முப்பது நாழிகை மேலமடை,
ராத்திரி முப்பது நாழிகை கீழமடை,
மீன்பாசி ஏலம் பாதிக்குப் பாதி,
கலுங்கு மிஞ்சிப் போகிற தண்ணீர் எவனுக்கும் சொந்தமில்லை,
பெருவெள்ளத்தில் மனசுபோல் செய்துகொள்வது.

மனசுபோல்.
இந்த ஒரு சொல்லுக்கு
ஒரு டீயும் ஒரு மின்வெட்டும் ஆனது.
கடைசியில் பரஸ்பர சம்மதம் என்று
கறுப்பு கோட்டு மணக்கும் ஆங்கிலத்தில் போட்டுவிட்டு
கரையான் விட்டுவைத்த கையெழுத்துகளை எண்ணினேன்.
பதினொன்று. அதில் நாலு கைநாட்டு.

இரவு வேலை காஸ்பியன்.
சிம்மக்கல் பயிற்சி மையத்துக்கு,
குரூப் ஒன் எழுதும் பிள்ளைகளுக்கு.
கரையில் ஐந்து நாடுகள்.
கடலென்றால் ஒரு சட்டம், ஏரியென்றால் வேறு பங்கு.
இருபத்திரண்டு வருஷம் பேசி
இரண்டுமில்லாத ஒன்றென்று முடித்துக்கொண்டார்கள்.
எங்கள் பக்கம் கண்மாய் வெட்டியவன்
சமுத்திரம் என்று பெயர் வைத்துவிட்டுச்
சாப்பிடப் போயிருப்பான்.

கரையிலிருந்து பதினைந்து கடல்மைல் அவரவர்க்கு.
அதற்கப்பால் பத்து, மீனுக்கு மட்டும்.
நடுவில் கிடப்பது எல்லார்க்கும்.
அடித்தரையில் எண்ணெய் இருப்பதால்
அதைப் பிறகு பேசிக்கொள்வார்கள்.
இந்த வரியை மட்டும்
எங்கள் தாலுகா ஆபீஸில்தான் யாரோ
எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

தவறு நடந்தது புதன்கிழமை.
ஜெராக்ஸ் சூட்டில் தாள்கள் ஒட்டிக்கொள்ள
கட்சிக்காரர் பிரதியின் நாலாம் பக்கமாகக்
காஸ்பியன் போய் உட்கார்ந்துவிட்டது.
மேலூர் ரோட்டைத் தாண்டி நான் ஓடுவதற்குள்
டீக்கடை பெஞ்சில்
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஊரும்
ஒரே தாளுக்குக் குனிந்திருந்தன.

மூக்காண்டி விரல் வைத்து வாசித்தார்:
"கரையோரத்தார் அல்லாதவரின் படை
இந்நீரில் இருத்தலாகாது."
சரிதானே, என்றார் எதிர்த்தரப்பு சவுரியம்மாள்.
ப்ளாட் போடுறவன் ஜேசிபி,
ராத்திரி வர்ற தண்ணி லாரி,
அதத்தானே சொல்லுது.
அந்தக் காலத்துலயே எழுதியிருக்கான் பாரு.

நடுத்தண்ணி பொதுவாம்.
நியாயந்தான்.
படகுக்கு அவனவன் கொடி கட்டணுமாம்.
கட்டிட்டாப் போச்சு, மொதல்ல தண்ணி வரட்டும்.

துர்க்மெனிஸ்தானில்தான் விரல் நின்றது.
இது எந்தப் பங்காளி வகையறா?
கிழக்குக் கரை, என்றேன்.
அது பொய்யில்லை.

சரியான நாலாம் பக்கத்தை மாட்டிக் கொடுத்தேன்.
அதைப் படித்ததும்
பெஞ்சின் இரண்டு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்கள்.
வழக்கு எட்டு வாரம் தள்ளிப்போனது.

பஸ்ஸில் உலகனேரி என்றுதான் டிக்கெட் கேட்கிறோம்.
நீதிமன்றம் நிற்பதே கண்மாய்க்குள்.
ஏரியில் இறங்குகிறோம், கால் நனைவதில்லை.
அந்தப் பக்கம் யானைமலை,
தண்ணீர் குடிக்க வந்து படுத்ததுபோல.
அதற்கு எந்த மடை, எத்தனை நாழிகை
என்று ஒரு கராரிலும் இல்லை.

காஸ்பியனும் வருஷா வருஷம் உள்வாங்குகிறதாம்.
கரை நகர்ந்தால்
பதினைந்து மைலை எங்கிருந்து அளப்பார்கள்?

ராத்திரி மிச்சப் பக்கங்களை முடித்தேன்.
பரஸ்பர சம்மதத்தின்பேரில் என்று வந்த இடத்தில்
ஐந்து நாடுகளுக்கும்
மனசுபோல் செய்துகொள்வது என்று போட்டேன்.
எந்தப் பிள்ளைக்காவது
ஒரு மார்க் போகும்.