சூழலைப் புதுப்பிக்கவா?

பதினொன்றேகால். ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
இன்றைய டேட்டாவில் ஒரு ஜிபிக்கு மேல் மிச்சம்,
பன்னிரண்டு அடித்தால் செத்துப்போகும்.
நாளைக்கு வருவது நாளைய மனுக்களுக்கு.
போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்.
எண்ணூரில் என் கடைக்கு அங்கேதான் சிக்னல்.

இருப்பது மூன்று கணினி,
மணலியில் மூடிய கம்பெனி ஏலத்தில்
கிட்டத்தட்ட எடைக்கு எடுத்தவை.
விண்டோஸ் ஏற்றினால் மூச்சு வாங்கும்.
லினக்ஸ் என்றால் ஓடும்,
ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள்:
"ஸ்டார்ட் பட்டன் எங்கக்கா?"

அதற்காகத்தான் இன்றைக்குப்
புதிய பணிமேடைச் சூழல்.

யார் வைத்த தமிழோ.
எங்கள் பக்கம் சூழல் என்பது
மைக் பிடித்தவர்கள் சொல்கிற சொல்,
மனுவின் மூன்றாவது வரியில் வரும்.
மாசத்துக்கு ரெண்டு நானே டைப் அடிக்கிறேன்,
பக்கம் பத்து ரூபாய்.
விசைப்பலகையில் விழும் சாம்பலுக்குத்
தனிக் கட்டணம் கிடையாது.

612 பொதிகள் மேம்படுத்தப்படும்.
41 புதிதாக நிறுவப்படும்.
7 நீக்கப்படும்.
தொடரவா?

எந்த ஏழு என்று படித்திருக்கலாம்.
யார் படிக்கிறார்கள்.
ஆம் என்று தட்டிவிட்டு
சோறு டப்பாவைத் திறந்தேன்.

வரி வரியாய் ஏறிக்கொண்டே போனது.
வெளியே துறைமுகத்துக்கு நிற்கும் கன்டெய்னர் வரிசை
ஒரு வண்டி நகர்ந்தால்
மேசை, டம்ளர், திரை எல்லாம்
ஒரு தரம் நடுங்கி நிற்கும்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது.
அணைத்து, ஏற்றினேன்.

கறுப்பு.
இடது மூலையில் ஒரு கோடு
இமைத்தது, இமைத்தது.
பெயர் கேட்டது, கொடுத்தேன்.
கடவுச்சொல் கேட்டது.
அடிக்க அடிக்க ஒன்றும் தெரியவில்லை,
ஒரு புள்ளிகூட.

ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தான் தேசப்பன்.
தடைக்கால நிவாரணம் இன்னும் ஏறவில்லை,
கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பு,
திருத்த நாளைக்குக் கடைசி நாள்,
இவனோ மூணு மணிக்குக் கடலுக்குப் போகிறவன்.
"இன்னாக்கா, கரண்டு போச்சா?"
"கரண்டு இருக்கு. மேசைதான் போச்சு."
பிளைவுட்டைத் தட்டிப் பார்த்தான்.
"தோ கீதே."

போனில் தேடினேன்.
நீக்கிய ஏழில் ஒன்று வாசல் திரையாம்,
பெயர் கேட்டு உள்ளே விடுவது.
வீடு கட்டிவிட்டுக் கதவைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.
ஒவ்வொரு எழுத்தாய்ப் பார்த்து அடித்தேன்,
ஒரு இடைவெளி விட்டுப்போய்
இரண்டு தரம் திட்டு வாங்கினேன் கறுப்பிடம்.
நாளைய டேட்டாவில் முப்பத்தெட்டு எம்பி போனது.

வந்தது.
பனிமலை. அடியில் ஏரி.
தேசப்பன் ஒன்றும் பேசவில்லை.

அவன் பெயரை அடித்தேன்.
எட்டுக் கட்டங்கள், வரிசையாய், காலியாய்.
"நா இல்லியாக்கா அதுல?"
"இருக்கே. எழுத்துரு இல்ல."
அதையும் இறக்கினேன்.
கட்டங்கள் மெதுவாய் அவனானான்.
பாஸ்புக்கைப் பிரித்து
ஒவ்வொரு எண்ணாய் அவன் சொல்ல நான் அடிக்க
ஏழுக்குப் பதில் ஒன்று இருந்த இடம்
பிடிபட்டது.

ஆயிரத்தெட்டு வசதி வந்திருக்கிறது புதிதாய்.
காலையில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.
முதலில் இந்தப் பனிமலையை எடுத்துவிட்டு
விலைப்பட்டியலைப் போட வேண்டும்.
"அத மாத்தாதக்கா" என்றான்.
எந்த ஊர் தண்ணி இது என்று
ஏரியில் விரலை வைத்தான்.

குனிந்து வெளியே போனபிறகு பார்த்தேன்.
விரல் பட்ட இடத்தில் மட்டும்
சாம்பல் விலகி
நீலம் கொஞ்சம் கூடுதலாய் இருந்தது.