பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழு

1914ஆம் அறைக் குப்பைத்தொட்டியில் கிடந்தது
சுருட்டுப்பெட்டி.
மூடியில், சட்டப்படி,
புண் பிடித்த ஒரு தொண்டையின் வண்ணப்படம்.
திறந்தால் தேவதாரு மணம்.

ஹோட்டலிலிருந்து எதையும் சும்மா கொண்டுவர முடியாது.
நோராய்னி சீட்டு எழுதித் தந்தாள்:
பெட்டி, காலி, ஒன்று.
முத்திரை குத்துமுன் காவலாளி மாசிலாமணி கேட்டார்,
"இது எதுக்கு?"
"வாசிக்க" என்றேன்.
புரட்டிப் புரட்டிப் பார்த்தார்
எங்கே எழுத்து என்று.

கழுத்து எங்கள் புளோக்கின் கீழே கிடைத்தது.
வீடு மாறிப் போனவர்கள் விட்டுச்சென்ற கட்டில்.
நகரமன்ற வண்டி வருமுன்
ஒரே ஒரு சட்டத்தை உருவிக்கொண்டேன்.
யாருடைய தூக்கத்தையோ சுமந்து சுமந்து
நடுவில் லேசாகக் குழிந்திருந்தது.
குழிவைக் கீழ்ப்பக்கம் திருப்பிப் பொருத்தினேன்.

முறுக்காணி மூன்று,
பிராஸ் பசாவில் ஓர் உடைந்த கித்தாரிலிருந்து, ஆறு வெள்ளி.
வீணைக்காரர்கள் குதிரை என்பார்களே,
அந்த இடத்தில்
கோப்பிக்கடைச் சாப்ஸ்டிக் பாதி.

ஒலித்துளை எங்கே போடுவது?
தொண்டையில்தான்.
துளைக்கருவி ஓட்டலாம், பகல் ஒன்பதிலிருந்து ஐந்துவரை;
இரவு வேலைக்காரி நான் தூங்கவேண்டிய நேரம்.
புண் முழுவதும் தூளாகி மடியில் உதிர்ந்தது.
சுற்றியிருந்த எச்சரிக்கை மட்டும் மிச்சம்.

பிறகு கட்டுகள்.
கம்பியின் நீளம் அறுநூறு மில்லிமீட்டர்.
பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழால் வகுத்தால்
முதல் கட்டின் இடம்.
மிச்சத்தை மறுபடி வகு.
மிச்சத்தின் மிச்சத்தை மறுபடி.
மின்கட்டண ரசீதின் முதுகு நிறைய எண்கள்.
பன்னிரண்டாம் முறை வகுத்து எழுதிக் கூட்டினால்
முந்நூறு.
சரிபாதி.
நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக வந்து நின்றது.
உயர்நிலை மூன்றில் கணக்கில் பதினொரு மார்க் வாங்கியவள்
எழுந்துபோய்
தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சுருதி சேர்க்கக் கைப்பேசியில் செயலி உண்டு.
எனக்கு எட்டாம் மாடி இருந்தது.
மேல்வீட்டுப் பிள்ளை தினமும் ஐந்து மணிக்கு,
ஐந்தாம் நிலைத் தேர்வுக்கு,
பியானோவில் அதே எட்டு வரிகள்.
அவளுடைய முதல் சுரத்துக்கு
என் தடித்த கம்பியை ஏற்றினேன்.
பதினொரு நாள் சேர்ந்து வாசித்தோம்.
அவளுக்குத் தெரியாது.
ஆறாவது வரியில் அவள் தடுக்கி விழும்போதெல்லாம்
கீழே நின்று காத்திருந்தேன்.

புதன்கிழமை லிஃப்டில்
கறுப்புப் பை மாட்டிய ஒருவர் எட்டை அழுத்தினார்.
இரண்டு மணி நேரம்
ஒரே சுரத்தை அடித்து, அடித்து, இழுத்து,
அடுத்ததை அடித்து.
போர்வைக்குள் கிடந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.

சாயங்காலம் அவள் உட்கார்ந்து தொடங்கினாள்.
எட்டாம் மாடி உயர்ந்துவிட்டிருந்தது.
ஏழாம் மாடி கால் சுரம் கீழே.

முறுக்கினேன்.
பெட்டி முனகியது.
இன்னும் கொஞ்சம்;
குதிரைக்கடியில் மூடி உள்வாங்கியது,
எச்சில் விழுங்குவதுபோல்.
கட்டில் சட்டம் வளைந்ததைப் பார்த்தால்
அந்தப் பழைய ஆள் திரும்பி வந்து
படுத்துக்கொண்ட மாதிரி.
போதும் என்று
தளர்த்திவிட்டேன்.

இப்போது அவள் மூடிவைத்த பிறகுதான் நான் எடுக்கிறேன்.
அதே எட்டு வரி,
ஆறாவதில் தடுக்கி விழுவதையும் சேர்த்து.
ஒருநாள் குப்பைக்குழாய் அருகே அவள் அம்மா கேட்டார்,
உங்கள் வீட்டில் கொசு அதிகமா என்று.

புதிதாக ஏற்றிய கம்பி
மெல்ல மெல்ல இறங்குமாம், ஆறு மாதத்தில்.
இறங்கட்டும்.
அதற்குள் பிள்ளை ஆறாம் நிலைக்குப் போயிருப்பாள்,
வேறு எட்டு வரிகள்.
என் சாப்ஸ்டிக்கும்
கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக்கொண்டிருக்கிறது.