செல்லாதவை

கீழப்பொத்தை சட்டமன்றத் தொகுதி இன்று இல்லை.
இருந்த காலத்தில் பதின்மூன்று முறை வாக்களித்தது.
ஜெயித்தவர்கள் பெயர் தாலுகா ஆபீஸ் படிக்கட்டருகே
பச்சைப் பலகையில் இருக்கிறது.
நாலாவது பெயர்மேல் சுண்ணாம்பு வழிந்திருக்கிறது.
எனக்கு அந்தப் பலகை வேண்டாம்.
தேர்தல் பிரிவில் இருபத்தாறு வருஷம்
நான் பார்த்துக்கொண்டிருந்தது
முடிவுத் தாளின் அடியில் ஒரு கட்டம்:
செல்லாதவை.

ஐம்பத்திரண்டில் ஆளுக்கொரு பெட்டி,
பெட்டியில் ஒட்டிய சின்னம்.
சீட்டை உள்ளே போடாமல்
பெட்டியின் தலையில் வைத்துக் கும்பிட்டுத் திரும்பியவர்கள்
நூற்று நாற்பத்தாறு.
ஒரு பெட்டிக்குள் கிணறு கேட்டு மனு,
அதில் சுற்றிய ஓரணா.
காசைக் கருவூலத்தில் கட்டிய ரசீது இருக்கிறது.
கிணறு பற்றிக் காகிதம் இல்லை.
'சங்கரலிங்கம் சம்சாரம்', 'மூத்தவனுக்குத் தாயார்' என்று மட்டும் சொல்லிப்
பட்டியலில் அடிபட்ட பெண்கள்
இந்தக் கட்டத்துக்குள்கூட வரவில்லை.

அறுபத்தேழில் ஒருத்தி எல்லாச் சின்னத்திலும் குத்தியிருந்தாள்.
யாரென்று ஊருக்கே தெரியும், அவளே சொல்லித் திரிந்தாள்:
"எல்லாவனும் வாசலுக்கு வந்து கேட்டானுவ.
யார விடச் சொல்லுத?"

எழுபத்தேழில் சுயேச்சை ஞானசிகாமணி வாத்தியார்.
சீப்புச் சின்னம். பதினொரு ஓட்டு.
அவர் வீட்டில் ஓட்டு பதினாலு.
"மூணு பேரு யாருன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார்.
கேட்கவும் இல்லை.
அன்றிலிருந்து சோற்றை மட்டும் தானே போட்டுக்கொண்டார்.

எண்பதைக் கரையான் தின்றது.
எண்பத்தொன்பதை, தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில்
ஆறு ரெக்கார்டு ரூமுக்குள் வந்து
வாசித்துவிட்டுப் போனது.

தொண்ணூற்றாறு எனக்குத் தெரியும்.
பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம்,
அமில வாடை, மின்விசிறி போடக் கூடாது, சீட்டு பறக்கும்.
ஏழாம் மேஜை.
கடைசிச் சுற்றில் இரவு இரண்டே காலுக்கு
ஒரு சீட்டை விரித்தேன்.
மடிப்பில் புகையிலைத் தூள்.
பீடி சுற்றுகிற விரல் மடித்த சீட்டு.
முத்திரையில் முக்கால் மூக்காண்டியின் கட்டத்தில்,
கால் பங்கு கோட்டுக்கு அப்பால்.
ஏஜெண்டுகள் டீக்குப் போயிருந்தார்கள்.
தும்மல் வந்தது, தும்மிவிட்டு
வலதுபக்கத் தட்டில் போட்டேன்.
அதற்கு முன்னும் ஐந்து, அதே மாதிரி.
அதிகாரி நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

மூக்காண்டி நாலு ஓட்டில் தோற்றார்.

கோடு தாண்டினாலும் மனசு தெரிந்தால் அது ஓட்டுதான்.
கையேட்டில், நாற்பதாவது பக்கமோ என்னவோ, இருக்கிறது.
படித்தது மறு வாரம்.
யாரிடமும் சொல்லவில்லை. இதில்தான் முதலில் எழுதுகிறேன்.
வென்றவர் பாலம் கட்டினார் என்பதையும் எழுத வேண்டும்.
நல்ல பாலம். நான் தினமும் கடப்பது.

இரண்டாயிரத்து ஒன்றில் மிஷின் வந்தது.
கட்டத்தில் பூஜ்யம்.
பிழைக்கவே வழியில்லாத பெட்டி என்று
புது தாசில்தார் பெருமைப்பட்டார்.
விரல் தேய்ந்தவள் அழுத்தினாலும் ஒரே சத்தம்தான்.
பிறகு மறுசீரமைப்பு. வரைபடத்தில் பென்சில் போட்டு
எங்களை மூன்றாக்கினார்கள்.
கால்வாய்க்கு மேற்கே ஒரு தொகுதி,
பொத்தைக்குத் தெற்கே ஒன்று,
மிச்சம் எங்கேயோ ஒட்டிக்கொண்டது.
எங்கள் தெருவில் எதிர்வீட்டுக்கு வேறு எம்.எல்.ஏ.
ரோடு பாதி அகலத்துக்குத்தான் போட்டிருக்கிறது.

மூக்காண்டி அதற்கப்புறம் நிற்கவில்லை.
பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை வைத்திருக்கிறார்.
ரோஜாச் செடிக்கு நான் கால் கிலோ கேட்டால்
நிறுத்தபிறகு இன்னொரு கை அள்ளிப் போடுவார்.
"கவர்மெண்டு உத்தியோகம் பார்த்த அம்மால்லா" என்பார்.
பாக்கிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணித் தருவார்.
நான் எண்ணாமல் வாங்கிக்கொள்கிறேன்.