தோல் வரைக்கும்

பெர்கனில் மழை நின்றால்
கடைக்கு வருபவர்கள் அதைச் செய்தியாகச் சொல்வார்கள்.
அன்று யாரும் சொல்லவில்லை.
ஹல்வார்டு வந்தான், ஒழுகும் குடையோடு.
பின்னால் மகள் ஓஸ்னே, எட்டு வயது.
அவள் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு மூட்டை.
பெயர் பொல்லே.
ஏலக்காய் போட்ட பன்னை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

"முடி கொட்டாத நாய் என்றுதான் சொன்னார்கள்."

எல்லாரும் இதைச் சொல்லிக்கொண்டேதான்
என் மேசைக்கு வருகிறார்கள்.
பாதி பூடில், மீதி வேறெதோ.
கொட்டாத முடி எங்கே போகும் என்று
ஒருவரும் கேட்பதில்லை.
எங்கும் போகாது.
இருந்த இடத்திலேயே இருந்து
பக்கத்து முடியைப் பிடித்துக்கொள்ளும்.

சீப்பை வைத்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது.
"தினமும் சீவுகிறேன்" என்றான்.
பொய்யில்லை.
ஒரு விரற்கடை ஆழம் வரை தினமும் சீவியிருக்கிறான்.
அதற்குக் கீழே சீப்பு முட்டி நின்றது,
கதவுக்குப் பின்னால் யாரோ
சோபாவை நகர்த்தி வைத்துவிட்டது போல.

அக்குளில், காதின் பின்னால், கழுத்துப்பட்டை உரசும் இடத்தில்
முடி இல்லை, கம்பளம்.
உள்ளே ஊசியிலை ஒன்று,
காய்ந்த ஓட்ஸ் கஞ்சி,
சிவப்பு லெகோ துண்டு.
("அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றாள் ஓஸ்னே.)

அடிவரை சீவத் தெரிந்தவள் ரன்வெய்க்.
கடலில் காற்றாலை நடும் கப்பலில் வேலை.
ஐந்து வாரம் கடல், ஐந்து வாரம் வீடு.
இந்த முறை ஐந்து பத்தாகிவிட்டது.
அதற்கு மேல் அவன் சொல்லவில்லை.
நான் நாயின் காதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்கும்போது இரண்டு இடம் பார்த்தார்களாம்.
வோஸில் ஒரு பெண், கறுப்புப் பூடில் குட்டிகள்.
பதினான்கு கேள்வி கேட்டாளாம்:
ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக விடுவீர்கள்,
யார் சீவுவது, அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் சீவுவது,
ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டப் பணம் எடுத்துவைப்பீர்களா,
சிறுமிக்கு இளைப்பு என்றால் முதலில்
ஒரு மத்தியானம் என் நாய்களோடு இருந்து பார்க்கட்டுமே.
"வேலைக்கு ஆள் எடுப்பது போல இருந்தது" என்றான்.
வேலைதானே, என்றேன்.

இன்னொரு இடத்தில் படம் வந்தது, பணம் போனது,
பெட்ரோல் பங்கில் கார் கதவைத் திறந்து
குட்டியைக் கொடுத்தார்கள்.
அங்கே ஒரே கேள்வி:
பணம் ஏறிவிட்டதா?

சிக்கெடுக்கலாம், மூன்று மணி நேரம், அத்தனையும் வலி.
அதன் அழகு நமக்கு, வலி அதற்கு. மழித்துவிடுவோம்.
அவன் மகளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

பத்தாம் எண் பிளேடு.
தோலுக்கும் சடைக்கும் நடுவே
காகிதம் நுழையும் இடைவெளி.
மெதுவாக, மிக மெதுவாக.
முதுகிலிருந்து ஒரே துண்டாகக் கழன்று வந்தது,
பொத்தான் போடாத ஸ்வெட்டர் மாதிரி.
அடியில் இளஞ்சிவப்புத் தோல்,
இரண்டு இடத்தில் புண்.
ஒரு நாய் என்று நினைத்தது
அரை நாய்தான் இருந்தது.

"இது பொல்லே இல்லை."
ஓஸ்னே கதவருகே போய் நின்றுவிட்டாள்.
மேசையிலிருந்து இறக்கிவிட்டேன்.
அது ஒருமுறை உடம்பை உதறியது,
உதற எதுவும் இல்லாததைக் கண்டு திகைத்தது,
அப்புறம் நேராகப் போய்
அவள் கோட்டுப் பைக்குள் மூக்கை விட்டது.
அங்கேதான் பிஸ்கட் இருக்கும் என்று
வேறெந்த நாய்க்குத் தெரியும்?

ஒரு ஸ்டீல் சீப்பைக் கொடுத்தனுப்பினேன்.
பகுதி பகுதியாகப் பிரித்து, தோலிலிருந்து நுனிக்கு.
சீப்பு நிற்கும் இடத்தில் நீயும் நில்.
அவன் அதைக் கைபேசியில் எழுதிக்கொண்டான்.

ஏழாவது வாரம் வந்தார்கள். மழைதான்.
சுருள் திரும்பியிருந்தது, விரல் உயரத்துக்கு.
தோலில் வைத்த சீப்பு
கழுத்து, முதுகு, வால் என்று தடையில்லாமல் போனது.
அக்குளிலும்கூட.
அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்,
பரீட்சைத் தாள் திருத்தும் ஆளைப் பார்ப்பது போல.

இடது காதின் கீழே மட்டும் நின்றது.
கடலை மணி அளவில் ஒரு முடிச்சு.
"அது என்னால்" என்றாள் ஓஸ்னே.
"தூங்கும்போது அங்கேதான் பிடித்துக்கொள்வேன்.
அம்மாவுக்கும் தெரியும், திரையில் காட்டினேன்."

கத்தரிக்கோல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
விரலால் பிரித்தேன்,
இழை இழையாக.
அடுத்த நாய் காத்திருந்தது.