வெட்டிப்பார்

வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள்.
கூபர் பீடியில் யாரும் கட்டுவதில்லை.
குன்றுக்குள் நுழைந்து
வேண்டாததை வெளியே கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.
மிஞ்சிய வெற்றிடத்தில் குடியேறுகிறார்கள்.
கட்டுவதெல்லாம் வரி மட்டும்.

வெளியே நாற்பத்தேழு டிகிரி.
ஈக்கள்கூட நிழலுக்கு முண்டும் பகல்.
கதவைத் தாண்டி ஆறு எட்டு வைத்தால்
இருபத்து நான்கு.
ஜனவரியிலும் அதுதான், ஜூலையிலும் அதுதான்.
கூரையைத் துளைத்து மேலேறும் ஒரு குழாய்,
உச்சியில் தகரத் தொப்பி,
அதன் வழியாக வீட்டுக்கு மூச்சு.

நெவென்காவும் பிரானிமிரும் வாங்கியபோது
இரண்டே அறை.
மகன் பிறந்ததும்
இயந்திரம் வாடகைக்கு எடுத்து மூன்றாவதை வெட்டினார்கள்.
தொட்டில் வைக்க நினைத்த மூலையில்
ஓபல் ஒரு கீற்று மின்னியது.
அதை விற்ற காசில் சமையலறை வந்தது,
கூடவே ஒரு குளிர்பதனப் பெட்டி.
புத்தகத்துக்குத் தட்டு வேண்டுமா, சுவரைச் சுரண்டு.
பையன் தலை இடிக்கிறதா, கூரையைச் சுரண்டு.
மறக்காமல் கல்லுக்குப் பசை பூசு,
இல்லாவிட்டால் சூப்பில் தூசி விழும்.

ஒன்று மட்டும் அந்த வீட்டுக்குத் தெரியாது.
எடுத்த சுவரைத் திருப்பித் தர
அதற்கு வராது.

மகன் அடிலெய்டுக்குப் போன வருஷம்
இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் தேவைப்பட்டது.
பாலைக்குப் பிரிவு என்று
நாம் இலக்கணம் வைத்திருக்கிறோம்.
அந்தக் குன்று அதைப் படித்ததில்லை.
ஒட்டுப்பலகை நிறுத்திப் பார்த்தார்கள்.
அவன் இருமல் பலகையைத் தாண்டியது.
அவள் பெருமூச்சு அதைவிடச் சுலபமாக.

பிரானிமிர் மேலே ஒரு கேரவனுக்குப் போனான்.
பிப்ரவரியில் அதன் ஏசி செத்தது.
அலமாரி மேல் மெழுகுவத்தி
நின்ற இடத்திலேயே வளைந்து படுத்தது.
ராத்திரி வந்து கதவைத் தட்டினான்.
"உள்ளே வராதே.
இதே சரிவில் தள்ளி வெட்டிக்கொள்.
நடுவில் இரண்டு மீட்டர் விட்டுவை."

விட்டான். அளந்து விட்டான்.
ஒரே குன்று, இரண்டு வாசல்.
இரண்டு மீட்டர் கல் எதையும் கடத்தாது,
பதினோரு வருஷம் கடத்தவில்லை.
ஆனால் செலவு மிச்சம் என்று
தன் காற்றுக்குழாயை மட்டும்
அவளுடையதில் சாய்வாகச் சேர்த்திருந்தான்.
அதன் வழியே அவள் வானொலி வரும்.
ஆறரைக்கு வானிலை: மழை இல்லை.
பிறகு ஏதோ பாட்டு,
சுருதி சேராமல் அவளும் கூட.

ஒரு செவ்வாய்க்கிழமை
நள்ளிரவு தாண்டியும் வானொலி நிற்கவில்லை.

கடப்பாரையோடு ஓடினான்.
சமையலறைத் தரையில் கிடந்தாள்,
ஒரு பக்கம் அசையாமல், கண் மட்டும் திறந்து.

ஏழு வாரம் கழித்து
சக்கர நாற்காலியில் திரும்பினாள்.
வாசல், வளைவு, கழிப்பறை
எல்லாமே நடந்தவளின் அகலத்தில் இருந்தன.
அவன் டேப்பை இழுத்து நாற்காலியை அளந்தான்.
சக்கரம் தள்ளும் முழங்கையையும் சேர்த்து அளந்தான்.
தொண்ணூறு சென்டிமீட்டர்.
குளியலறையில் திரும்ப இன்னும் நிறைய.
வேறு வீடென்றால் இடித்துக் கட்ட வேண்டும்.
இது ஒரு மாதச் சுரண்டலில்
ஒதுங்கி வழிவிட்டது.

கடைசியாக அந்த இரண்டு மீட்டர்.
"அதுவும் நாற்காலி அகலத்துக்கா?"
அவள் வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள்.
"கூரை தாங்குமா, முதலில் அதைப் பார்."

இந்த ஊரில் வீட்டை மறைக்கலாம்,
வீட்டின் அளவை முடியாது.
வெட்டியதெல்லாம் வாசலில் குவிந்து கிடக்கும்.
தெருவில் போகிறவர்
உள்ளே எத்தனை அறை என்று சொல்லிவிடுவார்.

வியாழன் காலை
குப்பை வாளியை வைக்க வந்த எதிர்வீட்டுப் பனயோத்தா
முதல் நாலு தள்ளுவண்டிக் கல்லைப் பார்த்தாள்.
வெயில் இன்னும் தொடாத இளஞ்சிவப்பு.
இந்தக் குவியலிலும் சேராமல்
அந்தக் குவியலிலும் சேராமல்
நடுவில் கொட்டியிருந்தது.

வாளியைச் சத்தமில்லாமல் வைத்தாள்.
சூடு ஏறுவதற்குள்
உள்ளே போய்விட்டாள்.