வெள்ளை எழுத்து

ஹால்ஷ்கா டீச்சரின் வினாத்தாள் வந்து சேர்ந்தது
செவ்வாய் மாலை நாலரைக்கு.
புதன் காலை பரீட்சை.
எட்டாம் வகுப்பு, புவியியல்.
முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ்,
யாக்னாவுக்கு மட்டும் பிரெயில்.

திறந்ததும் அந்தப் பொத்தானை அமுக்கினேன்,
மறைந்திருக்கும் குறிகளை எல்லாம் காட்டுகிற பொத்தானை.
லட்சணமாக இருந்த பக்கம்
சட்டையைத் திருப்பிப் போட்டதுபோல்
தையல் தெரிய நின்றது.

தலைப்பை நடுவில் நிறுத்த
இருபத்தாறு இடைவெளி, ஒவ்வொன்றாகத் தட்டியது.
அடுத்த பக்கம் போக
பதினொரு என்டர்.
தடிமன், பெரிய அளவு, அடிக்கோடு
எல்லாம் போட்டிருக்கிறார்,
இது தலைப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிரெயில் மென்பொருளுக்கு ஜம்பம் தெரியாது.
தான் யார் என்று பத்தியே வாய்திறந்து சொல்ல வேண்டும்:
தலைப்பு ஒன்று, தலைப்பு இரண்டு, பட்டியல்.
சொல்லாவிட்டால்
ராஜாவும் ரேஷன் வரிசையில்தான்.

ஆகவே பெயர் சூட்டினேன், பத்தி பத்தியாக.
இடைவெளியால் கட்டிய அட்டவணையைக் கலைத்தேன்.
மிதந்துகொண்டிருந்த பெட்டிக்குள் மாட்டிய நான்காம் கேள்வியை
வெளியே இழுத்துப்போட்டேன்.
வரைபடத்துக்கு இரண்டு வரி எழுதினேன்:
நகரம். ஆறுகள் புள்ளிக் கோடுகளாக.

எல்லா ஒப்பனையையும் ஒரே அமுக்கில் கலைத்திருக்கலாம்.
ஆனால் ஆற்றுப் பெயர்கள் சாய்வெழுத்தில் இருந்தன,
சாய்வு பிரெயிலிலும் உண்டு.
அந்தச் சாய்வுக்காக மற்றதைத் தொடாமல் விட்டேன்.
அங்கேதான் பிசகியது.

வூச் எங்கள் ஊர். போலிஷில் படகு என்று அர்த்தம்.
ஆற்றைத் தேடி வருகிறவர்கள்
டிராம் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
பஞ்சாலைச் சாயம் குடித்து நாறிய தண்ணீரை
செங்கல் குழாயில் அடைத்து
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
டீச்சரின் பதினோரு கேள்வியும் அதைப் பற்றித்தான்.

பத்து நிமிடம் அடுத்த அறையில் ஆலங்கட்டி மழை,
அச்சு எந்திரம் அடித்து ஓய்ந்தது.
செவெரின் பிழைதிருத்த உட்கார்ந்தார்,
இடது கை தாளில், வலது கையில் தேநீர்.
இரண்டாம் பக்கத்தில் கோப்பையை வைத்தார்.
"விடையும் சேர்த்தா கேட்டார்கள்?"
"எந்த விடை?"
"கேள்விக்குக் கேள்வி கீழே இருக்கிறதே."

திரையில் எதுவும் இல்லை.
பிள்ளைகள் எழுத விட்ட இடம் என்றல்லவா நினைத்தேன்.
எலியைப் பிடித்து இழுத்தேன்.
நீலம் ஓடி,
வெற்றிடத்தின் நடுவே
ஒரு சொல் அளவுக்கு வால் நீட்டி நின்றது.
அத்தனையையும் கறுப்பாக்கினேன்.
வெயில் காய வந்த ஆமைகள்போல்
பதினோரு விடையும் மேலே வந்தன.

"அது வெள்ளைதானே" என்றார் டீச்சர் போனில்,
"திருத்தும்போது மட்டும் கறுப்பாக்குவேன்.
ஆறு வருஷமாக அப்படித்தான். யாருக்கும் தெரியாது."

செவெரின் கையை நீட்டி போனை வாங்கினார்.
"ஒன்பதாவது தப்பு, அம்மா.
நெசவாளர் சந்துக்கு அடியில் ஓடுவது யாஷென் இல்லை, வூட்கா.
என் ஜன்னலுக்குக் கீழே இரும்புச் சல்லடை இருக்கிறது,
மழை பெய்தால் அது என்னைத் தூங்கவிடாது."

அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை.
வூட்கா என்று எழுதி
மதிப்பெண் இழந்தவர்களை எண்ணுகிறாரோ என்னவோ.
அல்லது அடுப்பில் ஏதாவது வைத்திருந்தாரோ.

விடைகளை அழித்தேன். சாய்வு பிழைத்தது.
மறுபடி ஆலங்கட்டி.
பழைய தாள்களைக் குப்பைக்கு எடுத்தபோது
ஒன்பதாம் கேள்வி இருந்த தாளை மட்டும் பிடுங்கி
நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார் செவெரின்.

"எதற்கு அது?"

"பக்கத்து வீட்டுக்காரி பெயரைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்,"
என்றார் குச்சியைத் தேடியபடி.
"கேட்டால் காட்ட வேண்டாமா?"